மைனஸ் ஏழுக்கு ஒரு கையெழுத்து

ஒன்பதாவது கேள்வியைப் படித்ததும் முதலில் என் காதுகள் சூடாயின. அடுத்து உள்ளங்கை நனைந்தது. கேள்வி புரிந்தது அதற்கும் அப்புறம்தான். என் உடம்பில் பயம் எப்போதுமே மூளைக்கு முந்திய பஸ்ஸைப் பிடித்துவிடும்.

3(x – 4) = 5x + 2. x-இன் மதிப்பைக் காண்க. வழிமுறை அவசியம்.

செகந்திராபாத்தில் ஒரு மாலைக் கல்லூரி. மாடியில் தேர்வு அறை. தலைக்கு மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை 'டக்' என்று எதையோ தட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக மிர்ச்சி பஜ்ஜி பொரியும் வாசனை. சுற்றிலும் மீசை இப்போதுதான் அரும்பிய பிள்ளைகள், காதில் மாட்டுகிற சமாச்சாரத்தை வாசலில் கழற்றிக் கொடுத்துவிட்டு அநாதைபோல உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நான். நாற்பத்தேழு வயது. கிட்டப் பார்க்க ஒன்று, எட்டப் பார்க்க ஒன்று என்று இரண்டு கண்ணாடிகள். இரண்டில் எதைப் போட்டுப் பார்த்தாலும் x அங்கேயே இருந்தது.

போன வாரம் நான் நீச்சல் கற்றுக்கொண்ட கதையைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர், "உங்களுக்கு வெட்கமே கிடையாதா?" என்று கேட்டு எழுதியிருந்தார். இருந்தது ஐயா. கடைசியாக அது தென்பட்டது இந்தத் தேர்வு அறையில்தான்.

ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்கிற கணக்குக்கு ஒரு குடும்பஸ்தன் இப்படி வியர்ப்பானேன்? அதற்கு என் தொழிலைச் சொல்ல வேண்டும்.

கீழே ஒரு கையெழுத்து

பாலாநகரில் விமானங்களுக்கான மின்னணுக் கருவிகள் செய்யும் அரசுத் தொழிற்சாலை ஒன்றில் நான் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். 'விமானம்' என்றதும் கல்யாண வீடுகளில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து மரியாதை கொடுப்பார்கள். அவர்களை ஏமாற்ற மனமில்லாமல், ஆனால் ஏமாற்றிக்கொண்டு, இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

உண்மையில் என் வேலை என்ன? கையில் ஒரு கேஜ். இரும்பில் செய்த சின்ன உருளை, இரண்டு முனை. ஒரு முனை பாகத்தின் துளைக்குள் போக வேண்டும். மறு முனை போகக் கூடாது. போக வேண்டியது போய், போகக் கூடாதது போகாவிட்டால் பாகம் பாஸ். மாறி நடந்தால் சிவப்பு டேக் எழுதிக் கட்டி ஓரமாக வைக்க வேண்டும். அவ்வளவுதான். கூட்டல் இல்லை, கழித்தல் இல்லை. அளவு சொல்ல வேண்டிய இடங்களில் கருவியே பச்சை விளக்கில் எண்ணைக் காட்டிவிடும். ஒரு மனிதனை இருபது வருஷத்துக்கு மேல் இப்படி வைத்திருந்தால் அவன் கணக்கு எங்கே போகும்? போகக் கூடாத இடத்துக்குப் போய்விட்டது.

சிவப்பு டேக்கில் நான் கையெழுத்துப் போட்டால் மட்டும் செல்லாது. அதற்குக் கீழே ஓர் அதிகாரி மேலொப்பம் போட வேண்டும். எங்கள் பிரிவு அதிகாரி பிரணீத். பி.டெக் படித்த வாரங்கல் பையன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவன் பிறந்தானா என்பதே சந்தேகம். தங்கமான பிள்ளை. என்னை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவான். ஆனால் நான் அரைமணி நேரம் லென்ஸ் வைத்துப் பார்த்து நிராகரித்த பாகத்தை அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். இடது கையில் செல்போனைத் தள்ளிக்கொண்டே வலது கையால் கையெழுத்துப் போடுவான்.

"ஒருதரம் பார்த்துட்டுப் போடுப்பா."

"மீரு சூசாரு கதா அண்ணா. லைட் தீஸ்கோண்டி."

நீங்கள்தான் பார்த்துவிட்டீர்களே, விடுங்கள் என்கிறான். அதாவது நான் பார்த்தது போதும். நான் போட்ட கையெழுத்துதான் போதாது. இதை ஒருநாள் சாப்பாட்டு வேளையில் யோசித்தேன். தயிர்சாத டப்பாவை மூடிவிட்டேன். என் கையெழுத்து ஒருநாளாவது துணைக்கு ஆள் இல்லாமல் தனியாக நிற்க வேண்டும் என்று அன்றைக்கு ஓர் ஆசை வந்தது.

அதிகாரி ஆவதற்குப் பட்டம் வேண்டும். ஐம்பது ஆகிவிட்டால் விண்ணப்பிக்க முடியாது. பட்டப் படிப்பு மூன்று வருஷம். அடிப்படைக் கணக்குத் தாளில் தேறினால்தான் இரண்டாம் வருஷத்துக்கு ஏற்றுவார்கள். தேறாவிட்டால் ஒரு வருஷம் போச்சு, அதோடு ஐம்பதும் வந்துவிடும், என் கையெழுத்து கடைசிவரை ஜோடியாகத்தான் வாழும். இந்த ஒரு கணக்கை மட்டும் எனக்கு எல்லோரும் இலவசமாகப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அரை பாட்டிலை யார் குடித்தது?

கல்லூரியில் சேர்ந்ததும் ஒரு சோதனை வைத்தார்கள். அதில் மதிப்பெண் குறைந்தவர்களைத் தனியாகப் பிரித்து, அடிப்படைக் கணக்கு வகுப்பு என்று ஒன்றில் போட்டார்கள். எங்கள் பாஷையில் சொன்னால் சிவப்பு டேக் கட்டி ஓரமாக வைத்தார்கள்.

வகுப்பெடுத்தவர் சைலஜா மேடம். முப்பதுக்கு இந்தப் பக்கம்தான் இருப்பார். சித்தூர்க்காரர் என்பதால் தமிழ் தெரியும். அந்தத் தமிழுக்கு லேசாகத் தெலுங்கு மூக்கு. வகுப்பை ஆங்கிலத்தில் எடுப்பார், என்னைத் தமிழில் எடுப்பார்.

முதல் நாளே பலகையில் அரையையும் மூன்றில் ஒன்றையும் எழுதி, கூட்டினால் எவ்வளவு என்றார். எல்லோரும் நோட்டில் குனிந்தார்கள். இந்தப் பொடிசுகளுக்கு அனுபவம் என்றால் என்ன என்று காட்டலாமே என்று எழுந்தேன்.

"ஐந்தில் இரண்டு, மேடம்."

மேலே இருக்கிற இரண்டு ஒன்றைக் கூட்டினால் இரண்டு. கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? யாரும் சிரிக்கவும் இல்லை. அதுதான் பயங்கரம். பாதிப் பேர் அதையே எழுதி வைத்திருந்தார்கள்.

மேடம் தன் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "சார், இதுல பாதி தண்ணி இருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்தறேன். ஜாஸ்தி ஆகணுமா, கம்மி ஆகணுமா?"

"ஜாஸ்தி."

"ஐந்தில் இரண்டு பாதியை விட ஜாஸ்தியா?"

யோசித்தேன். பாதிகூட இல்லை. மானம் போகிற வழியில் கடைசியாக ஒரு திருப்பம் இருந்தது. அதில் ஒடித்துத் திரும்பினேன்.

"நடுவுல யாரோ குடிச்சிட்டாங்க மேடம்."

அப்போதுதான் வகுப்பு சிரித்தது. மேடமும் சிரித்தார். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் மேசையைத் தட்டிச் சிரித்தார். நூர் ஆபா எனக்குத் தோழியானது அந்தச் சிரிப்பில்தான்.

ஆபா என்றால் அக்கா. அவருக்கும் நாற்பதுக்கு மேல். போவன்பள்ளியில் பெண்களுக்கான அழகு நிலையம் வைத்திருக்கிறார். பேசுவது தக்கனி. உங்களுக்காகத் தமிழாக்கித் தருகிறேன். 'நக்கோ'வை மட்டும் அப்படியே விடுகிறேன். வேண்டாம் என்று மொழிபெயர்த்தால் அதில் இருக்கிற கதவைச் சாத்துகிற சத்தம் போய்விடும்.

"பாய், நீங்க எதுக்கு இந்த வயசுல?" என்று கேட்டார்.

"ஒரு கையெழுத்துக்கு. நீங்க?"

"என் மருமக எம்.பி.ஏ. வாயைத் திறந்தா இங்கிலீஷ். நானும் ஒரு டிகிரி வாங்கிட்டு அவ முன்னாடி சும்மா உக்காரணும். பேசக்கூட நக்கோ, உக்காந்தா போதும்."

எங்கள் இருவரையும்விட உயர்ந்த லட்சியத்தோடு அந்த வகுப்பில் யாரும் இல்லை.

மூன்று ஊர் வாய்ப்பாடு

வாய்ப்பாடு பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து ரயில்வே பட்டறை வேலைக்கு இங்கே வந்தவர். ஐந்து வரைக்கும் வாய்ப்பாட்டை அவர் தமிழில் சொல்லிக் கொடுத்தார். ஆறாம் வாய்ப்பாட்டுக்கு அவருக்கு ஷிஃப்ட் மாறிவிட்டது. ஆறு, ஏழு, எட்டு எல்லாம் பள்ளிக்கூடத்தில், தெலுங்கில். ஒன்பது மட்டும் ஹிந்தியில். ஹிந்தி வாத்தியார் எங்கள் கணக்கு வாத்தியாருக்குப் பதிலாக ஒரு மாதம் வந்தார். அவர் விட்டுச் சென்ற சொத்து அது.

இதனால் என்ன ஆகும் என்றால், நாலஞ்சு இருபது என்று நிதானமாக நடக்கிற மனம், ஏழெட்டு என்று வந்ததும் 'ஏடு எனிமிதுலு யாபை ஆறு' என்று தெலுங்கு ஐம்பத்தாறுக்கு ஓடும். ஒன்பது எட்டு என்றால் 'நௌ அட்டே பஹத்தர்' என்று ஹிந்தி எழுபத்திரண்டுக்குக் குதிக்கும். பெருக்கல் வரைக்கும் பிரச்சினை இல்லை. கிடைத்ததை எல்லாம் கூட்ட வேண்டும் என்றால்தான் தகராறு. பஹத்தரும் யாபை ஆறும் இருபதும் ஒரே பெஞ்சில் உட்கார மாட்டேன் என்கின்றன. ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து வைத்து, தமிழுக்கு மாற்றி, கூட்டி முடிப்பதற்குள் மற்றவர்கள் அடுத்த கணக்கில் இருப்பார்கள்.

எட்டிலிருந்து மூன்றைக் கழித்து இரண்டைக் கூட்டு என்றால் நான் முதலில் மூன்றையும் இரண்டையும் கூட்டிவிடுவேன். கூட்டல்தானே முக்கியம், கழித்தல் காத்திருக்கட்டும் என்று. விடை மூன்று வரும். ஏழு வர வேண்டும் என்று சைலஜா மேடம் சொன்ன அன்று வீட்டுக்கு வந்து கோமதியிடம் முறையிட்டேன். கோமதி என் மனைவி. குடியாத்தத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்து இத்தனை காலமாகியும் அவள் பேச்சு பாலாற்றைத் தாண்டவில்லை.

"இன்னாங்க, காலேஜ்ல போயி கழித்தலா கத்துக்கினு வர்றீங்க? வெளியில சொல்லிடாதீங்க."

வெளியில் சொன்னது அவள்தான். மாரெட்பள்ளியில் எங்கள் அடுக்குமாடியில் எல்லோரிடமும், "அவரு சாயந்தரமானா கணக்குக்கு காலேஜ் போறாரு" என்று சொல்லியிருக்கிறாள். நரைத்த தலை, தோளில் பை, கையில் புத்தகம். மூன்றாம் மாடி ராவ் நான் பாடம் நடத்தப் போகிறேன் என்றே முடிவு கட்டிவிட்டார். ஒருநாள் லிஃப்டில் மடக்கி, ஏழாவது படிக்கிற பேத்திக்கு அல்ஜீப்ரா வரவில்லை, கொஞ்சம் பார்க்க முடியுமா என்றார். லிஃப்ட் முதல் மாடியில்தான் இருந்தது. நான் முகத்தைக் கனமாக வைத்துக்கொண்டு, "குழந்தைகளை அவசரப்படுத்தக் கூடாது சார்" என்றேன். கதவு திறந்ததும் இறங்கிப் படியேறிப் போனேன். என் வீடு நான்காம் மாடி.

கேஜ் போடுகிறவன்

அல்ஜீப்ரா தொடங்கியபோது எனக்கே ஆச்சரியம். வந்தது. சரசரவென்று வந்தது.

2x + 3 = 17 என்று மேடம் எழுதி முடிக்கும்போதே நான் "ஏழு" என்று கத்தினேன். அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் சரி. ஆபா என்னை ஏதோ தர்கா மகான் பீர் பாபா மாதிரி பார்த்தார். பெஞ்சில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தேன்.

மேடம் என் பக்கத்தை எடுத்துப் பார்த்தார். கேள்வி இருந்தது. விடை இருந்தது. நடுவில் வெள்ளைத்தாள்.

"சார், ஸ்டெப்ஸ் எங்க சார்?"

"அது எதுக்கு மேடம்? ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், போகலை. இரண்டு, போகலை. ஏழு போச்சு. பாஸ்."

மேடம் என் நோட்டை மூடி வைத்தார். பிறகு சாக்பீஸை எடுத்து 4x = 10 என்று எழுதினார்.

ஒன்றைப் போட்டேன். இரண்டைப் போட்டேன், எட்டு, லூஸ். மூன்றைப் போட்டேன், பன்னிரண்டு, டைட். நடுவில் கேஜ் இல்லை. வகுப்பு முழுக்க என்னையே பார்க்கிறது. தைரியமாகச் சொன்னேன்.

"கேள்வியில அச்சுப்பிழை மேடம்."

"நான் கையால எழுதினேன் சார்."

ஆபா மேசையைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

இரண்டரை என்பதும் ஒரு விடைதான் என்று ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்று பிள்ளைகள் மந்திரம் போலச் சொன்னார்கள். ஏன் மாற வேண்டும்? போவன்பள்ளி மார்க்கெட் முனையில் தக்காளி லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரோடு மாட்டிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் இதே யோசனை. இந்தப் பக்கத்துத் தக்காளி அந்தப் பக்கம் போனால் கத்தரிக்காயாகவா மாறுகிறது?

மேடமே ஒருநாள் கேட்டார். "சார், உங்க ஃபேக்டரியில ஜோடியா வர்ற சாமான் ஏதாவது இருக்கா?"

இருக்கிறது. சில இணைப்பிகள் ஆணும் பெண்ணுமாகச் சேர்த்தே கடைந்து வரும். ஒன்றைத் தொட்டால் மற்றதையும் தொட வேண்டும். ஒன்றில் அரத்தால் கொஞ்சம் ராவினால் மற்றதிலும் அதே அளவு ராவ வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து குப்பை.

சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினேன்.

"அவ்வளவுதானா மேடம்?"

"அவ்வளவுதான் சார். எதுவும் அந்தப் பக்கம் போகலை. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ராவறோம்."

அன்று நோட்டில் ஒரு பக்கம் முழுக்க ராவித் தள்ளினேன். ஆபா எட்டிப் பார்த்து, "பாய், ஒரே வீட்டுல ரெண்டு மருமக மாதிரி. இவளுக்கு நெக்லஸ்னா அவளுக்கும் நெக்லஸ்" என்றார். அவருக்கும் அன்றைக்குத்தான் விளங்கிற்று. ஆனால் அவருடைய உதாரணம் என்னுடையதைவிடப் பிரபலமாகிவிட்டது. வகுப்பே அதைச் சொல்லித் திரிந்தது. எனக்கு இன்னும் அந்த வருத்தம் உண்டு.

மைனஸில் ஒரு பாகம்

தேர்வு நாளன்று மதியமே என் வயிறு தேர்வு எழுத ஆரம்பித்துவிட்டது.

"எத்தினி தபா போவீங்க?" என்று கழிவறைக் கதவுக்கு வெளியிலிருந்து கோமதி கேட்டாள். "கணக்குதானே? என்னைக் கட்டிக்கினு இத்தினி வருசம் தாக்குப் பிடிச்சீங்க, அத்தவிட இது கஷ்டமா?"

"அதுல ஃபெயில்னா ஒரு வருஷம் போயிடாதேடி."

"வெளியில வாங்க, சொல்றேன்."

வந்தேன். நெற்றியில் விபூதி பூசி, பையில் எலுமிச்சை சாதம் வைத்து, எல்.கே.ஜி. பிள்ளையை அனுப்புவது போல அனுப்பி வைத்தாள். கல்லூரி வாசலில் ஆபா, "எதுக்கு பாய் இவ்வளவு டென்ஷன்? நக்கோ!" என்றார். சொன்னவர் தன் ஹால் டிக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

அறையில் விடைத்தாளின் முகப்பில் ஒரு கட்டம். அதில் நான் கையெழுத்துப் போட்டேன். மேற்பார்வையாளர், தடித்த கண்ணாடி போட்ட மனிதர், வந்து அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனார். இங்கேயுமா என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு கேள்விகள் ஓடிவிட்டன. இப்போது அந்த ஒன்பதாவதுக்கு, கடைசிக் கேள்விக்கு, வருவோம். 3(x – 4) = 5x + 2.

பயம் வந்தால் மனிதன் பழைய குணத்துக்குப் போய்விடுவான். நான் கேஜை எடுத்தேன். ஒன்றைப் போட்டேன். இடப் பக்கம் மைனஸ் ஒன்பது, வலப் பக்கம் ஏழு. இரண்டு போட்டேன். இடைவெளி இன்னும் பெரிதாயிற்று. மூன்று, நான்கு, ஐந்து. போடப் போட இரண்டு பக்கமும் சண்டை போட்ட பங்காளிகள் போல விலகிக்கொண்டே போகிறார்கள். மின்விசிறி 'டக்' என்றது. காது, உள்ளங்கை, எல்லாம் முன்பே சொல்லிவிட்டேன்.

ஜோடி, ஜோடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடைப்பைப் பிரித்தேன். 3x – 12 = 5x + 2. இரு பக்கமும் 3x ராவினேன். –12 = 2x + 2. இரு பக்கமும் இரண்டு ராவினேன். –14 = 2x. பாதியாக்கினேன்.

x = –7.

எங்கள் தொழிலில் மைனஸ் ஏழு என்று ஒரு பாகம் கிடையாது. மைனஸ் ஏழு மில்லிமீட்டர் நீளத்தில் ஓர் ஊசி வந்தால் ஊசியை நிராகரிக்க மாட்டார்கள்; அளந்தவனை டாக்டரிடம் அனுப்புவார்கள். கையே முடிவெடுத்தது. மைனஸ் ஏழின் மேல் மூலைக்கு மூலை இரண்டு கோடு. நிராகரிக்கப்பட்டது.

நிராகரித்த பிறகுதான், எந்த எண்ணையும் போட்டுப் பார்க்காமல் தள்ளியதே கிடையாதே, இதை மட்டும் ஏன் தள்ளினோம் என்று உறுத்தியது. போட்டுப் பார்த்தேன். இடப் பக்கம்: மைனஸ் பதினொன்று, மூன்று மடங்கு, மைனஸ் முப்பத்து மூன்று. வலப் பக்கம்: மைனஸ் முப்பத்தைந்தோடு இரண்டைக் கூட்டினால்... மைனஸ் முப்பத்து மூன்று.

போயிற்று. வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை விவரித்தால் என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் கொஞ்சநஞ்ச மதிப்பும் போய்விடும். அந்தச் சந்தோஷத்தில் கை மறுபடியும் தானாக வேலை செய்தது. நிராகரித்த பாகத்தை மறுபடி ஏற்றால் எங்கள் பிரிவில் என்ன செய்வோமோ அதைச் செய்தது. அடித்த கோட்டுக்குப் பக்கத்தில் 'மறுசோதனையில் சரி' என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே முழுக் கையெழுத்தைப் போட்டது. வால் நீட்டி, இரண்டு புள்ளி வைத்து.

ஆட்டோகிராஃப்

விடைத்தாளின் முகப்பில் அச்சடித்த விதிகள் இருக்கும். யாரும் படிப்பதில்லை. நான் மட்டும் படிப்பேன். படித்தால் பயம் குறையும் என்று யாரோ சொன்னதால். கொஞ்சம் நேரம் மிச்சமிருந்ததால் முகப்பைத் திருப்பினேன்.

உள்ளே எந்தப் பக்கத்திலும் பெயர், கையெழுத்து, அடையாளம் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் தாள் ரத்தாகும்.

ஒருதரம் கிட்டக் கண்ணாடியில் படித்தேன். இன்னொருதரம் எட்டக் கண்ணாடியில் படித்தேன். விதி மாறவில்லை.

நான் படித்துத் தேறிய முதல் கணக்கை, எந்தக் கையெழுத்துக்காகப் படிக்க வந்தேனோ அந்தக் கையெழுத்தே கொன்றுவிட்டது. யோசனைகள் வந்தன. மேலே மை கொட்டிவிடலாமா? என்னுடையது பால்பாயிண்ட். பக்கத்தைக் கிழித்து எலுமிச்சை சாதம் மாதிரி விழுங்கிவிடலாமா? பக்கங்களுக்கு எண் இருந்தது. சும்மா விட்டுவிட்டால் திருத்துகிறவர் கண்ணில் படாமல் போகுமா? இவ்வளவு பெரிய கையெழுத்தா? குருட்டுக் கண்ணாடிக்கும் தெரியும்.

வாயைத் திறந்தால் இப்போதே தூக்கி வெளியே போடலாம். மூடினால் திருத்துகிற இடத்தில் போகும். இரண்டு பக்கமும் மைனஸ்.

கையைத் தூக்கினேன். வீரம் என்று நினைக்காதீர்கள். எழுந்து ஓடுவதற்குக் கால் வரவில்லை, அதனால் கை போயிற்று.

மேற்பார்வையாளர் வந்து பக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பக்கத்தைப் பார்த்தார். "ஏன்டண்டி இதி? ஆட்டோகிராஃபா?"

பதற்றத்தில் உடைந்துபோன தெலுங்கில் கேஜ், டேக், மறுசோதனை எல்லாவற்றையும் கொட்டினேன். முன் பெஞ்சுப் பையன் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கதை கேட்டான். மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"எந்த டிபார்ட்மென்ட்?"

"சோதனைப் பிரிவு சார்."

"அதான். என் அண்ணனும் அதே வேலை. வீட்டில் கல்யாணப் பத்திரிகைக்குக்கூடக் கையெழுத்துப் போட்டான்." அவர் தெலுங்கில் சொன்னதன் சாரம் இது. "பக்கம் முழுக்கக் குறுக்குக் கோடு போடுங்கள். எழுதியவரே ரத்து செய்தார் என்று எழுதுங்கள். ஏற்பதும் ஏற்காததும் மேலே இருக்கிறவர்கள் பாடு. இந்தப் பக்கத்தில் இருப்பதை வேறு பக்கத்தில் மறுபடி எழுத வேண்டும். நேரம் அதிகம் இல்லை."

கோடு போட்டேன். எழுதினேன். அவர் குனிந்து, என் கையெழுத்துக்கு நேர் கீழே, தன் மேலொப்பத்தைப் போட்டார்.

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. பிரணீத் இல்லாத இடத்திலும் பிரணீத் வந்துவிட்டான்.

அந்தப் பக்கத்தில் ஒன்பதாவதோடு எட்டாவதும் இருந்தது. மூன்றில் இரண்டிலிருந்து கால் கழித்து அரை கூட்டு. புதுப் பக்கத்தில் எல்லாவற்றையும் பன்னிரண்டாக்கி, எட்டிலிருந்து மூன்றைக் கழித்து, பிறகு ஆறைக் கூட்டினேன். பன்னிரண்டில் பதினொன்று. இந்த முறை பாட்டிலை யாரும் குடிக்கவில்லை. அடுத்து அடைப்பைப் பிரித்தேன். ராவினேன். மறுபடி ராவினேன். ஆச்சரியம், ஓர் அடித்தல்கூட விழவில்லை. பெரிய அவமானம் ஒன்று நடந்து முடிந்துவிட்டால் சின்னப் பயங்களுக்கு உட்கார இடம் கிடைப்பதில்லை.

x = –7.

பார்த்துக்கொண்டே இருந்தேன். கோடு போடவில்லை. 'சரி' என்று எழுதவில்லை. கையெழுத்துப் போடவில்லை. மணி அடித்தபோது அது அந்தத் தாளில் துணைக்கு ஆள் இல்லாமல் தனியாக நின்றுகொண்டிருந்தது.

சிவப்பு டேக்

முடிவு வரும்வரை கோமதி என்னிடம் கணக்கு என்ற சொல்லையே எடுக்கவில்லை. பால் கணக்கைக்கூட "அந்தப் பால்காரரு சமாச்சாரம்" என்றாள்.

ஒரு பிற்பகல், பட்டறையில், போனுக்குச் செய்தி வந்தது. தேர்ச்சிக்கு வேண்டியதைவிட ஆறு மதிப்பெண் அதிகம். மூன்று மொழியிலும் கழித்துப் பார்த்துவிட்டேன், ஆறுதான். அடுத்த நிமிஷம் ஆபா கூப்பிட்டார். அவருக்கு என்னைவிட ஒன்று அதிகம். இரண்டாவது வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார்.

அன்று ஓர் இணைப்பி தேறவில்லை. சிவப்பு டேக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டு பிரணீத் மேசையில் வைத்தேன். இடது கையில் போன். வலது கை பேனாவைத் தேடியது.

"மேத்ஸ் ஏமய்ந்தி அண்ணா?"

"பாஸ்."

போன் மேசைக்கு வந்தது. "நிஜங்கானா? அப்போ இன்னும் ரெண்டு வருஷத்துல நீங்களும் இந்த நாற்காலியா?" என்று தெலுங்கில் கேட்டான். சிரித்தான். கை கொடுத்தான். அப்புறம், பேனாவை எடுக்கப் போனவன் எதையோ யோசித்து, என் கேஜை வாங்கினான். இணைப்பியை வெளிச்சத்தில் பிடித்து, போகக் கூடாத முனையை உள்ளே விட்டுப் பார்த்தான். போயிற்று. எடுத்து மறுபடி விட்டுப் பார்த்தான்.

"மீரு கரெக்ட் அண்ணா" என்று கையெழுத்துப் போட்டான்.

எனக்குத் தெரிந்து அவன் பார்த்துவிட்டுப் போட்ட முதல் கையெழுத்து. போட்டது என்னவோ அதே இடத்தில், எனக்குக் கீழேதான்.

இனிமேல் அது என்னை உறுத்தாது என்று எழுதி இந்த அத்தியாயத்தை முடித்தால் அழகாக இருக்கும். உறுத்தியது. அன்று சாயந்தரம் இரண்டாம் வருஷப் பாடத்திட்டத்தைக் கையில் வாங்கும்வரை உறுத்தியது. முதல் தாளே புள்ளியியல். காதுகள் சூடாயின.